டிரசர் படித்த டாக்டர் கதை

டாக்டர் கதை எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது வாசல் பெஞ்சை. அங்கே யார் காத்திருக்கிறார், வைத்தியருக்குச் சம்பளம் யார் தருகிறார், நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் யாருக்குக் கூலி போகும் என்பதெல்லாம் எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் மருந்துப் பெயரைச் சரியாக எழுதி என்ன பயன்? ஜொகூர் தோட்டங்களில் டிரசராகவே, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராகவே, வயதைக் கழித்தவன் வேறு எப்படிப் படிப்பான்!

பேட்ரிக் டெய்லரின் ஐரிஷ் கிராமத்து டாக்டர் நாவல் வரிசை இதில் தேறிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஒவ்வொன்றாக நூலகத்தில் எடுத்துவந்து தருகிறாள். டெய்லர் 1941இல் வட அயர்லாந்தில் பிறந்த மருத்துவர். முதல் நாவல் நடப்பது 1964இல், பாலிபக்கில்போ என்ற கற்பனை ஊரில். படிப்பு முடித்த கையோடு பாரி லேவர்ட்டி வேலை தேடி வருகிறான். மூத்தவர் ஓ'ரைலி அப்போது ஒரு நோயாளியைத் தூக்கி ரோஜாச் செடிக்குள் எறிந்துகொண்டிருக்கிறார். காரணம், காலைக் கழுவாமல் வந்துவிட்டான்.

எல்லாரும் சிரிக்கும் இடம். எனக்குக் கணக்குத்தான் ஓடியது. 1948இல் அங்கே தேசிய சுகாதாரச் சேவை வந்துவிட்டது. பெயர் பதிந்திருக்கும் ஆள் கணக்குப்படி டாக்டருக்கு அரசாங்கம் பணம் தருகிறது. பிடிக்காதவன் வேறு டாக்டரிடம் பதிந்துகொள்ளலாம். ரோஜா முள் குத்தியவனுக்கும் அந்த வழி இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரே டிரசர். அவருக்குச் சம்பளம் தருவது தோட்டம், நோயாளி குடியிருக்கும் லயமும் தோட்டத்துடையது. அங்கே டிரசர் கத்தினால் அது நகைச்சுவை இல்லை.

எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழை எழுதும் பேனாதான் எங்கள் தொழிலில் கனமான கருவி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்ததும் பெஞ்சு நிறைந்துவிடும். எம்.சி. கிடைக்காமல் வீட்டில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. அதிகம் கொடுத்தாலோ சாயங்காலம் ஆபீசிலிருந்து ஆள் வரும். முதுகுவலி என்று நடிப்பவனை ஓ'ரைலி சிரித்துக்கொண்டே கையாளலாம். எனக்கு வந்தவர்களில் புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்கள் இருந்தார்கள். நகம் கழன்றிருக்கும், மூக்கில் ரத்தம் வரும். அதைப் பதிவேட்டில் எந்தப் பெயரில் எழுதுவது என்பது மருத்துவக் கேள்வி மட்டும் இல்லை. பேராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுதாக நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் மீறி டெய்லர் என்னைப் பிடித்துவைத்த இடம் ஒன்று உண்டு. பாரிக்குப் பாடப்புத்தகம் தெரியும். ஓ'ரைலிக்கு வீடு தெரியும். தோட்டத்திலும் அப்படித்தான். சம்பளத்துக்கு மறுநாள் தலைவலி என்று வரும் பெண்ணின் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால் முந்தானை மூடிய கன்னத்தைப் பார்க்க வேண்டும். ஒரே காலையில் நாலு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆயாக் கொட்டகைத் தண்ணீர்ப் பானையைப் போய்ப் பார்க்க வேண்டும். டெய்லர் டாக்டராக இருந்தவர் என்பதால்தான் இந்தப் பார்வை கதைக்குள் இயல்பாக வருகிறது.

குறை, இனிப்பு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் ஊரில் இவ்வளவு சுமுகமாகவா இருந்தார்கள்? அந்த அறுபதுகள் முடிவதற்குள் வட அயர்லாந்து பற்றி எரிந்தது. ஓ'ரைலியின் 1930களின் டப்ளின் மாணவப் பருவத்துக்குத் திரும்பும் நாவலில் ஏழைக் குடியிருப்புகளின் வாடை இருக்கிறது. வரிசையில் எனக்குப் பிடித்தது அதுதான். ஓ'ரைலியின் வீட்டைக் கவனிக்கும் மிசஸ் கின்கெய்டின் சமையல் குறிப்புகளைப் பின்பக்கத்தில் சேர்த்திருப்பதை மன்னித்துவிடலாம்.

தமிழில் இலங்கையின் தி. ஞானசேகரன் மலையகத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர். 'குருதிமலை' எழுதினார். மலேசியாவில், ஜப்பானியர் காலத்துச் சயாம் ரயில் பாதையில் செத்தவர்களுக்கு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவல் இருக்கிறது. தோட்டத்து டிரசரோ, நான் படித்த வரையில், எல்லா நோய்க்கும் ஒரே தண்ணீர் மருந்தை ஊற்றுகிறவராகவோ துரையின் ஆளாகவோ ஒரு மூலையில் வந்து போகிறார். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ராத்திரியில் பிரசவத்துக்குச் சைக்கிளில் போனவர்களும் அவர்களேதான்.

ஜொகூரின் மவுண்ட் ஆஸ்டின் ரப்பர்த் தோட்டம் இன்று தாமான் குடியிருப்பும் கடைத்தொகுதியும். மற்ற தோட்டங்களும் அந்த வழியில் போகின்றன. டிரசராக இருந்தவர்களே, அவர்களின் பிள்ளைகளே, அலமாரியில் பழைய பதிவேடோ குறிப்புப் புத்தகமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நாவல் எழுதத் தெரியாவிட்டாலும் யாருக்கு எம்.சி. கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்பதையாவது எழுதிவையுங்கள்.