ஸ்லீவா, பைபாஸா?

கடும் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையில் கத்தி படுவது இரைப்பையிலும் சிறுகுடலிலும்தான். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது பிளாஸ்டிக் சர்ஜன் வேலை. படித்தவர்கள்கூட இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘கொழுப்பு ஆபரேஷன்’ என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நெடுநாள் எரிச்சல். அழகுக்குச் செய்துகொள்வது என்ற பேச்சு அதைவிட மோசம். நூற்று முப்பது கிலோ எடையோடு முட்டி தேய்ந்து, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்து, இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகிறவர் அழகு தேடி வருவதில்லை.

யாருக்குச் செய்யலாம் என்பதை, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு சொல்கிறது. அமெரிக்காவில் 1991இல் வகுத்த எல்லை 40. சுகர், பிரஷர் போன்ற துணைநோய் இருந்தால் 35. இந்தியர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுவதால் இங்குள்ள சர்ஜன்கள் 37.5, 32.5 என்று வைத்துக்கொண்டார்கள். 2022இல் உலக அளவிலான சங்கங்கள் எல்லையை இன்னும் இறக்கி, ஆசியர்களுக்கு 27.5இலேயே யோசிக்கலாம் என்றன. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதி அந்தப் பழைய 40, 35ஐத்தான் பிடித்துக்கொண்டது. 34 பி.எம்.ஐ.யும் அடங்காத சுகரும் உள்ள விழுப்புரத்துக்காரரைச் சேர்க்கலாம் என்கிறது மருத்துவம், முடியாது என்கிறது பாலிசி.

ஆபரேஷன்களில் பல வந்து போய்விட்டன. 1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுச் செய்த பைபாஸ், ஈரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. இரைப்பையைச் சுற்றிப் போடும் பேண்ட் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இப்போது போடுவதைவிடக் கழற்றுவதுதான் அதிகம். பலூன் தற்காலிகம், எடுத்ததும் எடை திரும்பும். இன்று நிலைத்திருப்பவை இரைப்பையைக் குழாயாகச் சுருக்கும் ஸ்லீவும், இரைப்பை பைபாஸும்.

ஸ்லீவ் தனி ஆபரேஷனாகப் பிறந்ததல்ல. மிகப் பருமனானவர்களுக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்தால் தாங்கமாட்டார்கள் என்று, 2000 வாக்கில் நியூயார்க்கில் மிஷேல் கானியே வேலையை இரண்டாகப் பிரித்தார். முதலில் இரைப்பை, பிறகு குடல். முதல் பாதியிலேயே பலருக்குப் போதிய எடை இறங்கிவிட, அந்தப் பாதி முழு ஆபரேஷனாகிவிட்டது. வாய்வழியே 36 அல்லது 38 பிரெஞ்ச் அளவுள்ள பூஜி என்ற குழாயை இறக்கி, இரைப்பையின் கடைவாயான பைலோரஸிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி முதல் ஸ்டேப்ளரை வைத்து, பூஜியை ஒட்டியே மேலே போகவேண்டும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெளியே வந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியான ஃபண்டஸும் அதோடு போவதால், வயிறு சிறுத்ததோடு பசியும் அடங்குகிறது.

கேட்க எளிது. நாற்பது நிமிடத்தில் முடித்த வீடியோவைப் போட்டுக் கைதட்டல் வாங்கும் இளைய சர்ஜன்கள் இதை எளிது என்றே நம்புகிறார்கள். ஸ்டேப்ளரின் கடைசி கார்ட்ரிஜ் வைக்கும் இடம்தான் எளிதல்ல. மண்ணீரலின் மேல்முனையை ஒட்டி வரும் குட்டை ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, ஃபண்டஸைப் பின்பக்கத்திலிருந்து முழுக்க விடுவித்து, உதரவிதானத்தின் இடது க்ரஸ் தசை கண்ணில் பட்ட பிறகே ஸ்டேப்ளரை மூடலாம். உணவுக்குழாயை ஒட்டி அடித்தால் சுவர் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு, கசியும். பயந்து விலகி அடித்தால் ஃபண்டஸில் ஒரு பை மிச்சமாகி எடை ஏறும். மூடியதும் உடனே ஸ்டேப்ளரை இயக்கக்கூடாது. பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் திசுவிலிருந்து நீர் வடிந்து சுவர் ஒடுங்கும், கிளிப்பும் சரியாக மடியும். அந்தப் பதினைந்து விநாடியை வீடியோவில் வெட்டிவிடுகிறார்கள். பார்த்துக் கற்றவர்கள் ஆபரேஷனிலும் வெட்டிவிடுகிறார்கள். கீழே, இரைப்பை மடங்கும் இடத்தில் பாதை குறுகியோ முறுக்கியோ போனால் உள்ளே அழுத்தம் ஏறி, அதுவும் மேல் முனையில்தான் வெடிக்கும்.

கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். வந்தால் வயிறு கல்லாக இறுகும் என்று காத்திருக்கக்கூடாது. இந்த உடல்களில் அது தெரியாது. முதலில் ஏறுவது நாடி. பிறகு இடது தோளில் வலி, காய்ச்சல். நோயாளி மூன்றாம் நாளே வீட்டுக்குப் போயிருப்பார். ஆறாம் நாள் உளுந்தூர்பேட்டையில் நெஞ்சு படபடக்கிறது என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் ‘கேஸ்’ என்று ஊசி போட்டு அனுப்ப வாய்ப்புண்டு. ஆகவே ‘நாடி 120ஐத் தாண்டினால் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்கு வரவும்’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதியிருக்கவேண்டும். பெரும்பாலான சீட்டுகளில் இருப்பது ஆங்கிலமும் மாத்திரைப் பெயர்களும்தான்.

பைபாஸுக்கு வயது அதிகம். அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கினார். லேப்ராஸ்கோப்பில் செய்யத் தொடங்கியது 1990களில். இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை ஒய் வடிவில் மாற்றிக் கோர்ப்பார்கள். மினி பைபாஸில், 1997இல் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியபடி, ஒரே ஓர் இணைப்பு. வேலை குறைவு, பலன் நன்று. ஆனால் பித்தநீர் மேலே ஏறலாம். 200 சென்டிமீட்டருக்கு மேல் குடலை ஒதுக்கினால் சைவ உணவுக்காரர்கள் புரதம் போதாமல் வற்றிப்போவார்கள்.

தேர்வில்தான் தரம் விழுந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்லீவ் என்பது இப்போது பழக்கமாகிவிட்டது. சீக்கிரம் முடியும், பேக்கேஜ் போட வசதி. கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் செய்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், அவருக்குப் பைபாஸ்தான். நெடுநாள் சுகர்க்காரருக்கும் பெரும்பாலும் அதுவே. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வலி மாத்திரை விழுங்குகிறவர், பீடியை விடாதவர் ஆகியோருக்கு நேர்மாறு: பைபாஸ் இணைப்பில் புண் வந்து ஓட்டை விழலாம். இதையெல்லாம் கேட்க அரைமணி நேரம் வேண்டும்.

அதற்குமேல் ஒரு கேள்வி உண்டு, பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறாதது: நோயாளி எங்கிருந்து வருகிறார்? பைபாஸ் செய்தவருக்குக் குடல் உள்ளிடுக்கில் சிக்கிக்கொள்ளும் அபாயம் ஆண்டுகள் கழித்தும் உண்டு. சில மணி நேரத்தில் வயிற்றைத் திறக்கவேண்டும். உளுந்தூர்பேட்டை ஒரு நாற்சந்தி; திருச்சி, சேலம், சென்னை, எந்தப் பக்கமும் வண்டி கிடைக்கும். 2022இல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவருக்கு மலையை இறங்குவதே முதல் சிகிச்சை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க வேண்டும், பைபாஸுக்குக் கூடுதலாக. மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வருவார் என்ற உறுதி இல்லாதவருக்கு, சுகருக்குப் பைபாஸ் மேலானதாக இருந்தாலும் ஸ்லீவ்தான் பத்திரம்.

2025இல் எடை குறைக்கும் ஊசிகளான மௌஞ்சாரோவும் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்து ‘ஊசி இருக்க கத்தி எதற்கு’ என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி, பி.எம்.ஐ. முப்பதில் இருப்பவருக்கு ஊசியே போதலாம். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் மாதாமாதம் ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஐம்பதில் இருப்பவருக்கு ஊசி இன்னும் மாற்றாகவில்லை. ஆபரேஷனுக்கு முன் எடையை இறக்க உதவும்.

ஆபரேஷனுக்குமுன் இரண்டு வாரம் குறைந்த கலோரி நீராகாரம் கொடுத்தால் ஈரல் சுருங்கி இடம் கிடைக்கும். பிறகு இரண்டு வாரம் மோர், வடிகட்டிய சூப். அடுத்து குழைந்த பருப்பு, முட்டை. நாளைக்கு 60 கிராம் புரதம், வெறும் கஞ்சியில் வராது. விடாமல் வாந்தி எடுத்து, கண் பார்வை தடுமாறி, நடை தள்ளாடினால் அது தையமின் குறை. குளுக்கோஸ் ஏற்றுமுன் தையமின் ஏற்றவேண்டும். பெண்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடவேண்டும். எடை வேகமாக இறங்குவதால் பித்தக்கல் வரலாம்.

ஒன்றரை ஆண்டில் எடை இறங்குவது நிற்கும்; சிலருக்குப் பிறகு ஏறும். அப்போது ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாம். இரண்டாம் ஆபரேஷனில் கசிவு முதலாவதைவிட அதிகம். எந்த பூஜி, எத்தனை கார்ட்ரிஜ், குடல் எவ்வளவு நீளம் என்ற முதல் ஆபரேஷன் குறிப்பு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பலர் பத்திரப்படுத்திக் கொண்டுவருவது பில்லை மட்டுமே.