கூண்டுக்குள்ள இருக்கிறதுக்கு யார் பொறுப்பு?

ஊன்ட்றொப்பில எங்கட காமாட்சி அம்பாள் கோயில் 2002 யூலையில் கும்பாபிஷேகம் கண்டது. அடுத்த மாதமே, ஓகஸ்ற் 1இல், விலங்குகளைக் காப்பதும் அரசின் கடமை என்று ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் சேர்த்தார்கள். கோயில் கதையைப் பிள்ளையளுக்குச் சொல்லுறம். மற்றதையும் சொல்ல வேணும்.

இங்க தொலைந்துபோய் அகப்படுகிற நாய், பூனை நகரசபையின் பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் சொந்தக்காரர் வந்து கேட்கலாம். சபை தானே காப்பகம் நடத்தும். இல்லாட்டி விலங்கு நலச் சங்கத்துக்குக் காசு குடுத்து ஒப்படைக்கும். இடமில்லை என்று கொல்ல ஏலாது. தக்க காரணமில்லாமல் கொன்றால் மூன்று வருடம் வரை சிறை.

சரி, கண்காணிக்கிறது யார்? கால்நடை வைத்திய அலுவலகம். ஹம் போல மாவட்டத்துக்குள் சேராத நகரங்களில் அதுவும் நகர நிர்வாகத்துக்குள்தான். அங்க சபையே காப்பகத்தையும் நடத்தினால், புரோகிராம் எழுதினவரே அதைப் பரிசோதித்துச் சரியென்கிற மாதிரி. என்ர வேலையில் அதை ஒருத்தரும் ஏற்கமாட்டினம்.

2013இல் எங்கட மாநிலம் விலங்கு நலச் சங்கங்களுக்கு வழக்குப் போடும் உரிமை கொடுத்தது. 2018 முடிவோடு அந்தச் சட்டம் காலாவதியாகிவிட்டது.

பிள்ளை நாய்க்குட்டி கேட்டால் முதலில் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. போன வருடம் எத்தனை வந்தது, எத்தனை வீடு போனது, எத்தனை செத்தது என்று பிள்ளைக்கு முன்னாலேயே கேளுங்கோ. சபைத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வாறவையிட்டயும் அதையே கேளுங்கோ. வாயில்லாச் சீவனுக்காக வேற யார் கேக்கிறது?