அதட்டினால் நிற்குமா?

அண்மையில் பார்த்த ஒரு திரைப்படம் பல நாட்களாகியும் என் மனதை விட்டு அகலவில்லை. 2008 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'ஃப்ரன்ட் ஒஃப் த கிளாஸ்' என்பது அதன் பெயர். பிராட் கோஹன் என்ற ஆசிரியரின் உண்மைக் கதை அது.

சிறுவன் பிராட்டின் கழுத்து திடீர் திடீரென வெட்டி இழுக்கும். வாயிலிருந்து குரைப்பது போன்ற சத்தம் வரும். பாடசாலையில் தண்டனை. தந்தையிடம் ஏச்சு. வைத்தியரோ, பெற்றோர் பிரிந்ததால் வந்த மனக்குழப்பம் என்கிறார். தாய் அதோடு ஓய்ந்துவிடவில்லை. நூலகத்தில் மருத்துவ நூல்களைப் புரட்டி, மகனுக்கு இருப்பது டூரெட் என்ற நரம்பியல் குறைபாடு என்று தானே கண்டறிகிறாள்.

இந்த இடத்தில் எனக்கு என் தங்கையின் நினைவு வந்தது. அவளுடைய மகன் ஓயாமல் கண் சிமிட்டி, தொண்டையைச் செருமியபோது, "தாயின் செல்லம்தான் காரணம்" என்றார்கள் உறவினர். அவளும் அதை நம்பி அழுதாள்.

டூரெட் வளர்ப்பினால் வருவதல்ல. மூளையின் செயற்பாட்டோடு தொடர்புடையது, பரம்பரைக்கும் பங்குண்டு. பெரும்பாலும் 5 முதல் 7 வயதளவில் தொடங்கும். ஆண் பிள்ளைகளிடமே அதிகம். தும்மலைப் போல இதையும் சற்று நேரம் அடக்கலாம். அதட்டி நிறுத்த முடியாது. பதற்றத்தில் இன்னும் கூடும்.

படத்தில் ஒரு பாடசாலை அதிபர், இசை நிகழ்ச்சி முடிந்ததும் பிராட்டை மேடைக்கு அழைத்து, ஏன் இந்தச் சத்தம், உனக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார். மற்றவர்களைப் போல என்னையும் நடத்தினால் போதும் என்கிறான் சிறுவன். அவனைக் கண்டு முகம் சுளித்த மண்டபம் கைதட்டுகிறது. பிள்ளை மாறவில்லை, சூழ இருந்தவர்கள் மாறினார்கள்.

வளர்ந்து ஆசிரியர் வேலை தேடிய பிராட்டை 24 பாடசாலைகள் நிராகரித்தன. 25 ஆவது ஏற்றுக்கொண்டது. 1997 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் சிறந்த புதிய ஆசிரியருக்கான விருதையும் அவர் பெற்றார். ராணி முகர்ஜி நடித்து 2018 இல் வந்த 'ஹிச்கி' என்ற இந்திப் படமும் இவரது கதையைத் தழுவியதே.

சகோதரிகளே, கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்றவை பல பிள்ளைகளிடம் சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும். நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அடக்கப் பழக்கும் பயிற்சிகளும் உண்டு. பலருக்கு இளமைப் பருவம் கடக்கையில் குறைந்தும் விடும். வகுப்பாசிரியருக்கும் விடயத்தைச் சொல்லிவையுங்கள். அதுவரை பிள்ளையை ஏசாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள்.