திருக்கேதாரத்துக்குக் கட்டிய மூட்டை

வடநாட்டுத் தேவாரத் தலங்கள் ஐந்தனுள் திருக்கேதாரமும் ஒன்று. ஆளுடைய பிள்ளையாரும் நம்பியாரூரரும் திருக்காளத்தியில் எழுந்தருளியிருந்தே அதனைப் பாடியருளினர் என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் வரலாறு. அப்பெருமக்களுக்கு இருந்தவிடத்திலிருந்தே காணும் கண் இருந்தது. நம்மனோர் நேரிற் சென்றே காணவேண்டும். செல்லுங்கால் மூட்டையும் கட்டவேண்டும். சென்ற வைகாசியில் அடியேன் திருவண்ணாமலையினின்றும் புறப்பட்டு அத்தலத்தைத் தரிசித்து மீண்டேன். புறப்படுமுன் பதினைந்து நாள், எதனைக் கொள்வது எதனைத் தள்ளுவது என்னும் ஆராய்ச்சியிலேயே கழிந்தன. அவ்வாராய்ச்சி துணிமணியளவில் நின்றுவிடாமையின் ஈண்டு எழுதலாயிற்று.

மூட்டையைக் கண்ட அன்பர் ஒருவர், “திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலைக்குச் சென்றபோது கம்பளிச் சட்டை கொண்டாரோ? திருநீறும் ஐந்தெழுத்தும் போதாவோ?” என்றார். இவ்வினா நகைத்துத் தள்ளற்பாலதன்று. சுவாமிகள் உணவும் துறந்து, கால் தேய்ந்தபின் கையால், கை தேய்ந்தபின் மார்பால் சென்றார். கயிலை காணாது திரும்புவதில்லை என்பது அவர் துணிவு. நாமோ திரும்பும் ரெயிலுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு புறப்படுகின்றோம்! அவ்வளவே அன்று. அச்சரிதத்தின் முடிவை நோக்குக. இறைவன் அவ்வுடம்பை அங்கே வீழவிட்டானல்லன். தேய்ந்த உறுப்புக்களை நிறைவித்து, பொய்கையில் மூழ்குவித்து, திருவையாற்றில் எழுவித்தான். தனுகரணங்கள் உயிருக்கு மலநீக்கத்தின்பொருட்டு இறைவன் கூட்டியவை என்பது நம் சித்தாந்தம். இரவலாகப் பெற்ற ஏட்டுச்சுவடியை மழையில் நனையவிட்டுத் திருப்பிக் கொடுப்பார் உண்டோ? உடம்பும் அத்தகையதே.

இனி, மலையின் இயல்பு. நம் அண்ணாமலை 814 மீட்டர் உயரமுடையது. முகட்டில் மேகம் படியும் முறையைக்கொண்டே மழை வருமா என்று இவ்வூர்ப் பெரியோர் கூறுவர். அங்ஙனம் பழகிய மலையும் 2024 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் சரிய, எழுவர் மண்ணுட் புதைந்து மாண்டனர். அவ்வாண்டுத் தீபநாளில் பொதுமக்கள் மலையேற இசைவு தரப்படவில்லை. கேதாரமோ 3,583 மீட்டர் உயரத்தது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை தாழும் என்பர் இயற்கைநூலார். இக்கணக்கின்படி நம் ஊர் வெயிலினின்றும் இருபத்திரண்டு பாகை கழியும். இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும். காலையில் வானம் தெளிந்திருக்கும். பகலில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடுற்று மேலெழுந்து, குளிர்ந்து மேகமாகும். பிற்பகலில் மழையோ ஆலங்கட்டியோ பொழியும். ஒரே பகலில் வியர்த்தலும் நடுங்குதலும் அங்கு நிகழும். 2013 ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் பெருமழையும், கோயிற்கு மேலுள்ள சோராபாரி ஏரியின் உடைப்பும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை வாரிச்சென்றதை அன்பர்கள் மறந்திரார். அவ்வெள்ளத்தில் பழைய வழியும் அழிந்தமையின், கௌரிகுண்டத்திலிருந்து இப்பொழுதுள்ள வழி சுமார் 16 கிலோமீட்டர்.

ஆகவே உடை எத்தகையதாதல் வேண்டும்? பருத்தி நம் நாட்டுக்கு ஏற்றது. ஆயின் நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தும் ஓரளவு சூட்டைக் காக்கும். பட்டும் கம்பளமும் மடிக்கு ஆகும் என்று நம் வீட்டுப் பெரியோர் கொண்டதனால், ஆசாரம் பற்றியும் எனக்கு இடர் இல்லாதாயிற்று. தடித்த ஒன்றினும் மெல்லிய மூன்று நன்று. இடையில் நிற்கும் காற்றே போர்வையாகும், வெயில் ஏறின் ஒவ்வொன்றாகக் களையலாம். குடை மலைக்காற்றில் மடங்கிவிடும். உடம்பு முழுதும் மூடும் மழைச்சட்டையே வேண்டும். மிதியடி புதியதாயின் காலைக் கடிக்கும் என்று, தோல் கலவாத துணிமிதியடி ஒன்றை முன்னரே வாங்கிப் பழக்கினேன். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் இப்பழக்கத்துக்கு மிகவும் தக்கதே; ஆயினும் அங்கு மிதியடியிட்டு நடக்க மனம் ஒருப்படவில்லை. வேட்டவலம் சாலையில் நாள்தோறும் விடியலில் நடந்தேன்.

எங்களுடன் வந்தார் ஒருவர் கம்பளிகளையெல்லாம் ஒரே மூட்டையாக்கி மட்டக்குதிரைமேல் ஏற்றியனுப்பினார். குதிரை முன்னே போயிற்று. மழை நடுவழியில் வந்தது. அவர் நடுக்கம் கண்டு எங்கள் போர்வைகளைப் பகிர்ந்துகொண்டோம். மழைச்சட்டை, ஒரு கம்பளி, மருந்து, சிறிது உணவு ஆகிய நான்கும் தத்தம் தோளிலேயே இருத்தல்வேண்டும்.

எனக்குப் பெருஞ்சிக்கலாக நின்றது பூசைப் பெட்டகமே. விசேட தீக்கை பெற்று ஆன்மார்த்த பூசை நாற்பதாண்டாகச் செய்துவருபவன் யான். மணி, தூபக்கால், தீபக்கால், பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து நாலு கிலோ. என் தோள் தாங்கக்கூடியதோ எட்டு. பாத்திரங்களைக் குறைத்து, உலர்ந்த வில்வத்தோடு மூர்த்தியை மட்டும் எடுத்துச்செல்லலாமே என்றனர் சிலர். வில்வம் உலர்ந்தாலும் ஆகும், உண்மையே. ஆயின் பலர் நெருங்கிக் கிடக்கும் விடுதியில் தூய இடத்துக்கு எங்கே போவது? குதிரைமேலும் பேருந்துக் கூரைமேலும் மூர்த்தியை வைக்க ஒண்ணுமோ? மூன்று நாள் துயில் இல்லை. முடிவில், என்னோடு ஒருங்கு தீக்கை பெற்ற முதியவரிடம் பெட்டகத்தை ஒப்புவித்தேன். அவர் தம் பூசையோடு அதனையும் நிகழ்த்த இசைந்தார். வெறுங்கையோடு அவர் வீட்டுப் படியிறங்கியபொழுது உற்ற தனிமை, பின்னர் மலையிலும் எனக்கு உண்டாகவில்லை.

எனக்கு அகப்பூசை எஞ்சிற்று. இதயம் பூசைத்தானம், நாபி ஓமத்தானம், புருவமத்தி தியானத்தானம் என்பவற்றுக்குச் சுமைகூலி இல்லை. அங்குச் சாத்தும் நீர் உறைவதுமில்லை. எனினும் மூச்சு வாங்கும் உயரத்தில் மனத்தை இதயத்தில் நிறுத்தல் எளிதன்று. முதலிரவு பூசை பாதியில் நின்றது, விடியலிலேதான் நிறைவுற்றது. திருமுறைப் புத்தகங்களையும் கொண்டிலேன். இரண்டாந் திருமுறையிலும் ஏழாந் திருமுறையிலும் உள்ள கேதாரப் பதிகங்கள் இரண்டும் மடத்தில் ஏடின்றி ஒப்பித்தவை. அக்காலத்தில் அம்முறையைக் கொடிதென்று எண்ணியதுண்டு; எடையில்லாத புத்தகம் அது ஒன்றே என்பது மலையேறும்போது புலனாகின்றது. திருநீற்றை மட்டும் துணிப்பையில் இடாது இறுக மூடும் சம்புடத்தில் இடுக. ஈரக்காற்றில் ஒரே நாளில் குழம்பாகிவிடும்.

மருந்துபற்றி ஒரு சொல். அறுபது கடந்தார் மருத்துவரைக் கண்டே புறப்படுக. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. கற்பூரத்தை முகர்ந்தால் போதும் என்பார் பலர். அது மூக்குக்கு ஒரு குளிர்ச்சியைத் தருமேயன்றி உயிர்வளியை மிகுவிப்பதன்று. சுமார் 1,300 மீட்டரிலுள்ள குப்தகாசியில் ஓரிரவாயினும் தங்கி மெல்ல ஏறுதலும், தலைவலியும் மயக்கமும் மிகின் உடனே கீழிறங்குதலுமே வழி.

மூட்டையில் இறுதியாக வைத்தது சிறு தகரக் குப்பியில் ஆவின் நெய். தீபத்துக்கு நெய் சுமக்கும் ஊரிலிருந்து வேறு எதனைக் கொண்டுசெல்வது? கேதாரத்து இலிங்கம் மலைமுகடு போன்ற இயற்கைப் பாறை. வருவோர் தம் கையாலேயே நெய் பூசுவர். கூட்டம் மிக்க நாளில் அது வாய்த்தலரிது. ரிஷிகேசம்வரை நெய் நீராகவே இருந்தது, குப்தகாசியில் மணல்போற் பொருக்காயிற்று, கேதாரத்தில் கல்லாயிற்று. அன்றிரவு குப்பியைக் கம்பளிச் சட்டைக்குள் மார்போடு அணைத்துக் கிடந்தேன். விடியலில் அது விரலுக்கு இளகியிருந்தது. வரிசையில் நின்று உள்ளே சென்று, இரு கையாலும் பூசினேன்.