கொழும்பிற் பந்து உருண்ட திடல்கள்

வெள்ளவத்தையில் வாழ்பவர்க்குக் கடற்காற்று உண்டு. ஓடியாட நிலம் இல்லை. 1877ஆம் ஆண்டளவில் மொறட்டுவை வரை சென்ற இருப்புப்பாதை கரையை ஒட்டியே போடப்பட்டது. அலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே எஞ்சிய மணற்கீற்றிலே பந்தை ஓங்கி உதைத்தால், ஒன்றில் அது கடலுக்குப் போகும். அன்றேல் ரயிலுக்கு அடியிற் போகும். கால்வாயோரம் பரந்து கிடந்த பழைய நெசவாலைக் காணியில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. ஹவ்லொக் பூங்காப் பக்கத்திற் புல்தரைகள் உள்ளனவே என்பீர்கள். உண்மைதான், ஆயின் அவற்றின் நல்ல பகுதி கழகங்களின் வசமுள்ளது.

ஆகவே, கொழும்பிலே உதைபந்தாட்டம் எங்கே பிறந்து எங்கே வளர்ந்தது என்று அறிய விரும்பும் மாணவன் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் காலி வீதி வழியே வடக்கு நோக்கிப் போகவேண்டும். இறங்கவேண்டிய முதல் இடம் காலிமுகத்திடல்.

அத்திடல் விளையாட்டுக்கென உண்டானதன்று, பீரங்கிக்கென உண்டானது. கோட்டையை நெருங்கும் பகைவனுக்கு மறைவு ஏதும் இருத்தலாகாது என்று ஒல்லாந்தர் அவ்வெளியைத் திறந்தபடியே வைத்திருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் கடலோர நடைபாதையை 1859இல் அமைத்து முடித்தார். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதனைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரை வேண்டிக் கல்லிலும் எழுதிவைத்தார். பீரங்கிக்குப் பின் குதிரை வந்தது. பந்தயங்கள் நடந்தன. 1880ஆம் ஆண்டளவில் கோல்ப் கழகத்தார் வந்து சேர்ந்தனர். 1893இல் குதிரைப் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தது. 1896இல் கோல்ப் பொரளைப் பக்கம் போயிற்று. குதிரைக்கும் கோல்புக்கும் வேண்டாமற் போன புல்தரையே பந்துக்குக் கிடைத்தது என்பது என் ஊகம். ஆண்டுகளும் அதற்குப் பொருந்துகின்றன. 1890களிலேதான் பிரித்தானியப் படையினர் அங்கே உதைபந்தாடத் தொடங்கினர். அவர்கள் குடியிருந்த எச்சலன் படைமுகாம் திடலின் வடபுறத்திலேயே இருந்தது. இன்று அவ்விடத்திலே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைக் காணலாம்.

கல்கத்தாவின் வரலாறும் இத்தகையதே. வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்காக வெட்டவெளியாக விடப்பட்ட மைதானமே வங்காளத்தின் பந்தாட்டத்துக்குத் தொட்டிலாயிற்று. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி, பதினொருவரிற் பதின்மர் வெறுங்காலுடன் ஆடிய மோஹன் பகான் குழு கிழக்கு யோர்க்ஷயர்ப் படைப்பிரிவை 2-1 என வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டு மார்ச் மாதத்திற் கொழும்பு உதைபந்தாட்ட லீக் தோன்றியது. அங்கே வெள்ளையரை வென்ற ஆண்டும், இங்கே ஆட்டம் ஓர் ஒழுங்குக்கு வந்த ஆண்டும் ஒன்றாயமைந்தது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

கொழும்பிலே தொடக்கத்தில் ஆடியவர்கள் படையினரும் 1892இல் நிறுவப்பட்ட கொழும்பு ஹொக்கி, உதைபந்தாட்டக் கழகத்தைச் சேர்ந்த வெள்ளையருமே. ஆயினும் காலிமுகத்திடலுக்கு வேலி இல்லை. வேலியில்லாத இடத்தில் வேடிக்கை பார்ப்பவன் ஆட்டக்காரனாவதற்கு அதிக நாள் செல்லாது. திடலிலிருந்து பேரை வாவியைச் சுற்றி நடந்தால் கொம்பனித்தெரு வந்துவிடும். ஒல்லாந்தராலும் ஆங்கிலேயராலும் படைச் சேவைக்கென அழைத்துவரப்பட்ட மலாயரின் சந்ததியார் வாழும் பகுதி அது. ஜாவா லேன் என்றொரு சந்து அங்கே உண்டு. வேகந்தை என்றொரு குறிச்சி உண்டு. இரண்டின் பேரிலும் உதைபந்தாட்டக் கழகங்கள் எழுந்தன.

இந்தப் பெயர்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கொழும்பின் கிரிக்கெட் கழகங்களைப் பாருங்கள். 1872இல் மலாயர் கழகம், 1896இற் பறங்கியர் கழகம், 1899இற் சிங்களவர் கழகம், அதே ஆண்டில் நமது தமிழ் யூனியன். பெயர் சொன்னவுடனே சாதிசனம் விளங்கிவிடும். உதைபந்தாட்டத்திலும் சமூகப் பெயர் தாங்கிய குழுக்கள் இல்லாமலில்லை. எனினும் நிலைத்து நின்று புகழ் ஈட்டியவற்றுட் பல தெருவின் பெயரையே சூடிக்கொண்டன. தெருவிலே தமிழனும் சோனகனும் சிங்களவனும் மலாயனும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறான். தெருப் பெயரைச் சூடிய கழகம் இன்னாருக்குத்தான் என்று எவரும் கதவடைக்க இயலாது. நான் இதனைப் பெருமைக்குரியதாகவே கருதுகிறேன்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சமூகத்தின் பெயரைத் தாங்கிய கழகங்களுக்குப் பின்னே நியாயவாதிகளும் முதலாளிமாரும் நின்றனர். அவர்கள் அரசாங்கத்திடம் காணி கேட்டுப் பெறவும், மண்டபம் கட்டவும் வல்லவர்கள். தமிழ் யூனியனையே எடுத்துக்கொள்வோம். பி. சரவணமுத்து அவர்களின் முயற்சியால் 1940களில் வனாத்தமுல்லையில் அதற்குக் கொழும்பு ஓவல் மைதானம் அமைந்தது. 1948இல் டொன் பிராட்மன் அங்கே ஆடினார். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டமும் அங்கேயே நடந்தது. அம்மைதானம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தெருக்கழகங்களுக்கு அத்தகைய புரவலர்கள் வாய்ப்பது அரிது. அவற்றின் சொத்து ஒரு பந்தும், ஒரே நிறத்திற் பதினொரு சட்டையும், கூட்டம் கூட ஒரு தேநீர்க் கடை வாங்கும் என்றாற் பெரிதும் மிகையாகாது.

இனி வடக்கே போவோம். புறக்கோட்டையைத் தாண்டிச் செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை என்று செல்லச் செல்லத் தெருக்கள் ஒடுங்கும், சனம் பெருகும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் சாந்த லூசியாள் பேராலயமும் இங்கே கூப்பிடு தூரத்தில் உள்ளன. இவற்றுக்கெல்லாம் மேற்கே துறைமுகம்.

துறைமுகம் இருந்தமையாலேயே இப்பகுதியில் உதைபந்தாட்டம் வேரூன்றியது எனலாம். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், காலுறை வேண்டும், செப்பனிட்ட ஆடுதளம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முழுநாள் வேண்டும். மூட்டை சுமப்பவனுக்கும் கடைச் சிப்பந்திக்கும் முழுநாள் ஏது? கொழும்பிலே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 6.30க்குள் இருண்டுவிடும். வேலை முடிந்து இருள்வதற்குள் ஆடி முடிக்கக்கூடிய ஆட்டம் 90 நிமிட உதைபந்தாட்டமே. இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து போதும். சப்பாத்து இல்லையென்றாலும் குற்றமில்லை.

1918இல் தோன்றிய சோண்டர்ஸ் கழகம் இப்பகுதிக்கே உரியது. எப்.ஏ. கிண்ணத்தைப் பல தடவை வென்று, வேறெந்தக் கழகத்துக்கும் எட்டாத பெயரை அது ஈட்டியது. அதற்குப் பெரிய துணையாயிருந்தது புறக்கோட்டையை அடுத்துள்ள பிறைஸ் பார்க் என்னும் மைதானம். கொட்டாஞ்சேனையிலே புனித பெனடிக் கல்லூரியும், மருதானையிலே சாஹிராக் கல்லூரியும் ஆட்டக்காரரை ஆண்டுதோறும் ஆக்கியளித்தன. பாடசாலைக்கு மைதானம் உண்டு. பாடசாலையை விட்டு விலகியவனுக்கு அது இல்லை. பல நல்ல ஆட்டக்காரரின் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கறிவர்.

1939இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகள் கொழும்புக்கு வந்து இலங்கையுடன் நாற்கோணப் போட்டியில் ஆடின. அந்த முறை இந்தியாவும் பாகிஸ்தானும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் இரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று மூன்றாண்டுகள் அப்போட்டி ஊர் மாறிச் சென்றது. கொழும்புக் கிண்ணம் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

நாட்டுக்கென ஒரு பெரிய அரங்கு வடகொழும்பில் அமைவதற்கு அதன்பின் இருபது ஆண்டுகள் சென்றன. கொழும்பின் நகர முதல்வராயிருந்த வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய அரங்கு 1972இற் கொட்டாஞ்சேனைக்கு அணித்தாகத் திறக்கப்பட்டது. அருகிலுள்ள புளூமெண்டால் என்பது ஒல்லாந்தர் இட்ட பெயர்; பூக்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். பிற்காலத்திலே மாநகரத்தின் குப்பையெல்லாம் அப்பள்ளத்தாக்கில் மலையாய்க் குவிந்தது வேறு கதை. 1995இல் தென்னாசியப் போட்டியின் இறுதி ஆட்டம் சுகததாச அரங்கிலே நடந்தது. மேலதிக நேரத்தில் விழுந்த ஒற்றைக் கோலினால் இலங்கை இந்தியாவை வென்ற அந்த மாலையை நேரிற் கண்டவர்கள் இன்றும் பேசக் கேட்கலாம்.

எனினும் தேசிய அரங்கு என்பது பக்கத்துத் தெருப் பையன் நினைத்தவுடன் நுழையக்கூடிய இடமன்று, அது முறையுமன்று. அவன் ஆடுவதற்கு வேறிடம் வேண்டும். 2014 முதற் காலிமுகத்திடலுக்கு அப்பாற் கடலைத் தூர்த்துத் துறைமுக நகருக்கென 269 ஹெக்டேயர் நிலத்தை உண்டாக்கினார்கள். ஒரு பந்தாட்ட மைதானத்துக்கு ஒரு ஹெக்டேயரே ஏராளம். கொட்டாஞ்சேனைத் தெருக்களில் இன்றும் மாலை வேளையில் இரண்டு கற்களைக் கோல் கம்பமாக வைத்துப் பையன்கள் ஆடுகிறார்கள். முச்சக்கர வண்டி வந்தாற் குரல் கொடுக்கவென்று சந்தியில் ஒருவன் நிற்கிறான். பெரும்பாலும் வயதிற் சிறியவனுக்கே அந்த வேலை. ஆறேழு பேர் வீட்டுக்குப் போன பின்புதான் அவனுக்குப் பந்து கிடைக்கும்.