மூவாயிரம் பேர் வாங்கிய தட்டு

சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நாலைந்து பாட்டுகள்தான். 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்', 'மிஸஸ் ராபின்சன்', 'தி பாக்ஸர்', 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்'. கிட்டார் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இவற்றில் ஒன்றாவது அரைகுறையாக ஒலித்திருக்கும். அவர்களுடைய முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. 'வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.' என்று பெயர். 1964 அக்டோபர் 19 அன்று கொலம்பியா ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பன்னிரண்டு பாட்டு, அரை மணிக்குச் சற்றே கூடுதல். சுமார் 3,000 பிரதிகள் விற்று அப்படியே படுத்துவிட்டது. ஜோடியும் பிரிந்தது. பால் சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சின்னச் சின்ன கிளப்புகளில் தனியாகப் பாடினார். ஆர்ட் கார்ஃபங்கல் படிப்பைத் தொடரக் கல்லூரிக்கே திரும்பிவிட்டார்.

எனக்கு இந்தத் தட்டின் மேல் தனிப் பிரியம். முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்லவே மாட்டேன். பாதிதான் நன்றாக இருக்கிறது. அந்தப் பாதி எது, மீதி ஏன் சறுக்குகிறது என்பது மறைப்பில்லாமல் காதில் விழுகிறது. பின்னால் வந்த ஆல்பங்களில் ஸ்டுடியோக் கைத்திறன் எல்லாவற்றையும் மெழுகி மூடிவிடும். இதில் மூட ஒன்றுமே இல்லை. சைமனின் கிட்டார், துணைக்குப் பாரி கார்ன்ஃபெல்டின் கிட்டார், பில் லீயின் பேஸ், இரண்டு குரல். அவ்வளவுதான். (இந்த பில் லீதான் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயின் தந்தை.) இதை நான் கேட்பது பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஹெட்போனில். பகலில் மிக்ஸி ஓடினால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். அவ்வளவு மெல்லிய தட்டு.

இவர்கள் நாட்டுப்பாடலில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பக்கத்துப் பக்கத்துத் தெருப் பையன்கள். எவர்லி பிரதர்ஸ் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அதே போல இரண்டு குரலை ஒட்டவைத்துப் பாடப் பழகியவர்கள். 1957-இல், பள்ளிக்கூட வயதிலேயே, 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் 'ஹே, ஸ்கூல்கேர்ல்' என்று ஒரு பாப் பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் 49-ஆம் இடம் வரை வந்திருக்கிறார்கள். அதன் பிறகு சில வருடம் ஒன்றும் எடுபடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் கிரீனிச் வில்லேஜ் காபி கடைகளில் கிட்டாரும் கையுமாகப் பாடுகிறவர்களுக்கு மவுசு வந்தது. பாப் டிலன் வந்தார். பீட்டர், பால் அண்ட் மேரி வந்தார்கள். இவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சைமன் பாட்டுகளைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தபோது கொலம்பியாவின் தயாரிப்பாளர் டாம் வில்சன் காதில் அவை விழுந்தன. 1964 மார்ச்சில் ஒலிப்பதிவு. அதற்கு முந்தைய மாதம்தான் பீட்டில்ஸ் நியூயார்க்கில் வந்திறங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த நேரத்தில் எந்தக் கடையை விரித்தார்கள் என்பது புரியும்.

தட்டின் பெரிய குறை அந்தப் புது வேடத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டில் ஐந்தே பாட்டு சைமனுடையது. மற்றவை, அன்றைய நாட்டுப்பாடல் பாடகன் பாடியே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டவை: ஒரு போர் எதிர்ப்புப் பாட்டு, ஒரு பழைய நாட்டுப்பாடல், கறுப்பின மக்களின் ஆலயப் பாடல் ஒன்று, ஒரு டிலன் பாட்டு. முதல் பாட்டே 'யூ கேன் டெல் தி வேர்ல்ட்', ஏசு தந்த ஆனந்தத்தை உலகுக்குச் சொல்லும் பாட்டு. குவீன்ஸின் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் அதை உற்சாகமாகத்தான் பாடுகிறார்கள். அந்த உற்சாகம் யாரோ சொல்லிக்கொடுத்துச் செய்தது போல இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் வரும் 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' கதையும் இதுதான். தேவாலயத்தில் ஊரே கூடி உரத்துப் பாட வேண்டிய பாட்டை இருவர் திருத்தமாக, உச்சரிப்புச் சுத்தமாகப் பாடி முடித்துவிடுகிறார்கள். வேர்வை வரவில்லை.

டிலனின் 'தி டைம்ஸ் தே ஆர் அ-சேஞ்சின்' இன்னும் மோசம். அந்தப் பாட்டின் பலமே டிலனின் கரகரத்த குரலில் இருக்கிற மிரட்டல். காலம் மாறுகிறது, வழியில் நிற்காதே என்று மூத்த தலைமுறையைப் பார்த்து அதட்டுகிற பாட்டு. அதை இவர்கள் பாடினால், பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்" என்று கேட்பது போல இருக்கிறது. டிலனின் மூலம் வெளிவந்தது அதே 1964-இன் தொடக்கத்தில். சில மாதங்களிலேயே, அதே கம்பெனியில், அதே பாட்டு. யார் கேட்பார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு, சொந்தப் பாட்டு நல்லது, இரவல் பாட்டு கெட்டது என்று கோடு போட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியவில்லை. முதல் பக்கத்தில் 'பெனடிக்டஸ்' என்று ஒன்று வருகிறது. பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஒர்லாண்டோ டி லாசோவின் இரு குரல் இசையை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்ட லத்தீன் வழிபாட்டுப் பாடல். காபி கடைப் பாடகர்கள் தட்டில் இது ஏன் என்று முதலில் தோன்றும். கேட்டால்தான் தெரிகிறது, இந்த ஜோடியின் உண்மையான சொத்து எது என்று.

நம் கர்நாடக இசையில் ஜோடியாகப் பாடுகிறவர்கள் உண்டு. ராதா–ஜெயலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே ஸ்வரத்தில் சேரும்போது இரண்டு குரல் என்பதே மறந்துபோகிறது. நாம் மெச்சுவதும் அந்த ஒருமையைத்தான். இங்கே நடப்பது வேறு. ஒரே வார்த்தையை ஒருவர் ஒரு ஸ்வரத்திலும் மற்றவர் அதற்கு மேலோ கீழோ இன்னொரு ஸ்வரத்திலும் பாடுகிறார்கள். நடுவில் இருக்கும் இடைவெளி கூடுகிறது, குறைகிறது, அந்த அசைவே பாட்டாகிறது. 'பெனடிக்டஸ்'ஸில் ஒரு குரல் தொடங்கி, இன்னொன்று பின்னால் வந்து, முதலாவது நீட்டிப் பிடித்திருக்கும் ஒலியின் மேல் உரசிவிட்டு விலகிப் பிறகு இணைகிறது. உரசுகிற அந்த ஒரு கணத்துக்காகவே நான் பின்னோக்கித் தள்ளித் தள்ளிக் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே மைக்கின் முன்னால் நின்று பாட விரும்பியவர்கள். ஒலிப்பதிவாளர் ராய் ஹேலி அந்த ஒட்டுதலைக் கெடுக்காமல் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இதே ஹேலிதான் கடைசி ஆல்பம் வரை அவர்களோடு இருந்தார்.

'தி சன் இஸ் பர்னிங்' என்பதும் இரவல்தான். பிரிட்டனின் ஐயன் கேம்பல் எழுதியது. வெயில், குழந்தைகள், மாலை என்று ஒரு சாதாரண நாள் அமைதியாகப் போகிறது. கடைசியில் வானத்தில் இருக்க வேண்டிய சூரியன் தரைக்கு வந்துவிடுகிறது. அணுகுண்டு. டிலன் பாட்டைக் கெடுத்த அதே மென்மை இந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது. குரல் கடைசி வரை பதறவே இல்லை. கேட்கிற நமக்குத்தான் பதறுகிறது.

சைமனின் ஐந்துக்கு வருவோம். 'ஸ்பாரோ' கல்லூரி ஆண்டுமலர்க் கவிதை. குருவி ஒன்று மரத்திடமும் அன்னத்திடமும் கதிரிடமும் அன்பு கேட்டு அலைகிறது. எல்லோரும் கையை விரிக்கிறார்கள். கடைசியில் மண் ஏற்றுக்கொள்கிறது. முடிவு பாதியிலேயே தெரிந்துவிடும். 'பிளீக்கர் ஸ்ட்ரீட்' அதைவிடப் பல படி மேல். கிரீனிச் வில்லேஜின் தெரு ஒன்று, அதன் மேல் மூடுபனி. முப்பது டாலர் வாடகை என்று போகிற போக்கில் ஒரு கணக்கு வருகிறது. முப்பது வெள்ளிக்காசு யார் எதற்கு வாங்கினான் என்பது பைபிள் தெரிந்தவர்களுக்குச் சுருக்கென்று உறைக்கும். அடித்துச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகத் தெரிந்த சைமனை முதலில் காட்டுவது அந்தப் பாட்டுதான்.

'ஹி வாஸ் மை பிரதர்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தெற்கே போய்க் கொல்லப்பட்ட இளைஞன் ஒருவனைப் பற்றிய பாட்டு. சைமனோடு குவீன்ஸ் கல்லூரியில் படித்த ஆண்ட்ரூ குட்மன், 1964 ஜூனில் மிசிசிப்பியில் ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர் இருவரோடு கொல்லப்பட்டார். பாட்டு அவருக்காக எழுதப்பட்டது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஒலிப்பதிவு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. தட்டு கடைக்கு வரும்போது பாட்டு நிஜமாகியிருந்தது. இதை அறிந்து கேட்டால் மனம் கனக்கத்தான் செய்கிறது. பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், செத்தவன் யார், எப்படிச் சிரிப்பான், என்ன பேசுவான் என்று எதுவுமே அதில் இல்லை. கோஷமாகவே நின்றுவிடுகிறது.

'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' முதல் பக்கத்தின் கடைசியில், டிரம்ஸ் இல்லாமல், எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாமல் இருக்கிறது. உறை மேல் அச்சிட்ட குறிப்பில் கார்ஃபங்கல், மாணவனுக்கே உரிய ஆர்வத்தோடு, இது பெரிய படைப்பு என்று எழுதியிருந்தார். தட்டு விற்கவில்லை, ஆனால் சில வானொலி நிலையங்களில் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். டாம் வில்சன் அதைக் கவனித்தார். 1965 ஜூனில், டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஒலிப்பதிவு நடந்த அதே நாள்களில், வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டுப் பழைய ஒலிப்பதிவின் மேலேயே எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஏற்றினார். பாடியவர்கள் இருவரிடமும் கேட்கவில்லை. 1966 புத்தாண்டு பிறக்கும்போது பாட்டு அமெரிக்காவில் முதலிடம். பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்தார்கள்.

வில்சன்தான் ஆல்பத்தைக் காப்பாற்றினார், வெறும் கிட்டார்தான் அதன் குறை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எலெக்ட்ரிக் வடிவத்தின் கடைசிச் சரணத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் சற்றே தயங்கும். தாளக்கட்டு இல்லாமல் தம் மூச்சுக்கேற்பப் பாடிய இருவரும் அங்கே வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து வந்த டிரம்மர் அவர்களுக்காகக் காத்து நிற்கிறார். மூலத்தில் இயல்பாக இருந்த தயக்கம், இங்கே தடுமாற்றமாகக் கேட்கிறது. ஹிட் ஆனது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் டிலன் பாட்டுக்கு டிரம்ஸ் ஏற்றியிருந்தாலும் அது தேறியிருக்காது.

வெறும் கிட்டார் குறையல்ல என்பதற்குத் தலைப்புப் பாட்டு இன்னும் நல்ல சாட்சி. விடிவதற்கு முன் ஒருவன் விழித்துக் கிடக்கிறான். பக்கத்தில் காதலி தூங்குகிறாள். அவன் மதுக்கடை ஒன்றில் கொள்ளையடித்துவிட்டு வந்திருக்கிறான். கொஞ்சம் போல் பணத்துக்கு. விடிந்தால் ஓட வேண்டும். இரு குரலும் அவளை எழுப்பிவிடக்கூடாது என்பது போல முழுப் பாட்டையும் தாழ்த்தியே பாடுகின்றன. இதே கதையைச் சைமன் 1965-இல் 'சம்வேர் தே கான்ட் ஃபைண்ட் மீ' என்று டிரம்ஸும் ஊதுகருவிகளும் வைத்து வேகப் பாட்டாக மாற்றினார். திருடன் ஓடுகிறான், சரி. குற்ற உணர்ச்சி எங்கே போயிற்று?

1966 தொடக்கத்தில், ஹிட் கொடுத்த சூட்டோடு, கொலம்பியா இந்த முதல் தட்டை மறுபடி கடைக்கு அனுப்பியது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 30-ஆம் இடம் வரை ஏறியது. கேட்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு பாட்டைத் தாண்டி 'பிளீக்கர் ஸ்ட்ரீட்'டில் தொடங்குங்கள். 'பெனடிக்டஸ்', 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்', 'தி சன் இஸ் பர்னிங்', கடைசியாகத் தலைப்புப் பாட்டு. ஐந்தும் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது. டிலன் பாட்டை டிலனிடமே கேட்டுக்கொள்ளலாம்.