பழகிய பொத்தான்

மாற்றம் வேண்டியதே, ஆயினும் மாற்றுவோர் பிறருடைய பழக்கத்தையும் மதித்தல் வேண்டும். 1995 முதல் உலகம் பழகியிருந்த 'ஸ்டார்ட்' பொத்தானை 2012-இல் விண்டோஸ் 8 நீக்கியது. முறையீடுகள் எழவே, 2013-இல் பொத்தானும், 2015-இல் விண்டோஸ் 10-உடன் அதன் பட்டியலும் திரும்பின.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில், நான் பணிபுரியும் தொழிற்சாலையின் கிடங்கில் அண்மையில் கணினித் திரை மாற்றப்பட்டது. சலான் அச்சிடும் பொத்தானைக் காணாமல் மூத்த ஊழியர் ஒருவர் திகைத்தார். வெளியே லாரிகள் காத்து நின்றன; இளைஞர் சிலர் நகைத்தனர். அவர் தலைகுனிந்தார்.

இலத்தீன் பூசை தமிழுக்கு மாறியபோது எம் பாட்டியாரும் தடுமாறினாராம். அருகிலிருந்தோர் செபப்புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் காட்டினராம்.

பிள்ளைகளே, பெற்றோரின் கைபேசித் திரை மாறும்போது நகையாதீர்கள். அருகில் அமர்ந்து, இருமுறை கேட்டாலும் சலிக்காமல் காட்டுங்கள். அதுவும் பிறரன்புப் பணியே.